கறுப்பு பீரும் விஸ்கிப் பீப்பாயும்: ஸ்டவுட்டின் சுவைக் கூறுகள்

ஸ்டவுட் என்பது கருகும் பதத்துக்கு வறுத்த பார்லியைச் சேர்த்துக் காய்ச்சப்படும் கறுப்பு பீர். முன்பு விஸ்கி இருந்த ஓக் மரப் பீப்பாயில் அதை ஊற்றி, சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை வைத்திருந்து எடுக்கும் வழக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இப்படி முதிர்ந்த பீரைச் சுவைத்தவர்கள் எழுதும் குறிப்புகள் மளிகைச் சீட்டு போல இருக்கும்: காப்பி, கறுப்புச் சாக்லேட், வெல்லப்பாகு, வெனிலா, தேங்காய், கிராம்பு, உலர்திராட்சை, புகை. காப்பித்தூளையும் வெனிலாவையும் உண்மையாகவே போடுகிற ஆலைகளும் உண்டு. ஆனால் அவை எதுவும் போடாத பீரிலும் இத்தனையும் தெரியும். இவை கற்பனை அல்ல. ஒவ்வொன்றும் தானியத்திலிருந்தோ, ஈஸ்டிலிருந்தோ, மரத்திலிருந்தோ வருகிறது.

இதில் பீப்பாயின் பங்கு எவ்வளவு என்று அறியக் கழித்தல் கணக்குப் போட வேண்டும். மரத்தில் முதிராத வலுவான ஸ்டவுட் ஒன்றை முதலில் அறிந்துகொண்டால், அதற்கு மேல் தெரிவதெல்லாம் பீப்பாயின் வரவு. தமிழ்நாட்டுக்கு மிகப் பக்கத்தில் காய்ச்சப்படும், உலகப் பெயர் பெற்ற அத்தகைய ஸ்டவுட் இலங்கையின் லயன் ஸ்டவுட்.

நுவரெலியாவின் ஸ்டவுட்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில், மலையகத் தமிழர்கள் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது நுவரெலியா. பின்னாளில் ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திய சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் இங்கே ஓர் ஆங்கிலக் குடியிருப்பை உருவாக்க முயன்றார். அந்த ஊரில் பீர் காய்ச்சும் தொழில் அவர் காலத்திலிருந்தே தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். இன்றைய நிறுவனம் தன் தொடக்கமாகக் கொள்வது 1881ஆம் ஆண்டை. குளிர்ந்த காற்றும் ஊற்று நீரும் இருந்ததால் குளிர்சாதனம் பரவாத காலத்தில் பீர் காய்ச்ச மலைதான் தகுந்த இடம். நம் நீலகிரியிலும் அதே காரணத்தால் அக்காலத்தில் பீர் ஆலைகள் இருந்தன. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்தியாவின் சிறு ஆலைகளை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது நீலகிரி ஆலைகளும் அதில் சேர்ந்தன.

பார்லியும் ஹாப்ஸும் இலங்கையில் விளைவதில்லை. எல்லாம் கப்பலில் வந்து, பிறகு மலைப்பாதையில் ஏறின. அப்படியும் இந்த ஸ்டவுட் நூறாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. மேலை நாடுகளில் அதைத் தெரியப்படுத்தியவர், 1977இல் உலக பீர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்லர், பெயர் ஒற்றுமை). நுவரெலியாவிலும் கண்டியிலும் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பால் ஏற்றி இதைக் கொடுக்கும் கடைகளைக் கண்டு அவர் வியந்து எழுதினார். அந்தப் பீப்பாய் பரிமாறுவதற்கானது, முதிர வைப்பதற்கானது அல்ல. எனவே நம் கழித்தல் கணக்கு கெடவில்லை. 1990களின் இறுதியில் ஆலை மலையை விட்டு இறங்கி, கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போனது. 2016 மே மாத வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது.

இலங்கையில் விற்கும் லயன் ஸ்டவுட்டில் சாராயச் சத்து 8.8 விழுக்காடு. கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் கறுப்பு. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் செம்பழுப்பு தெரியும். நுரை வெள்ளை அல்ல, டிகிரி காப்பியின் நுரை நிறம். முகர்ந்தால் முதலில் வறுத்த காப்பிக்கொட்டை, பின்னால் பேரீச்சம்பழம். வாயில் வைத்ததும் இனிப்பு. அது சர்க்கரையின் வெறும் இனிப்பு அல்ல, கருப்பட்டியின் அடர்ந்த இனிப்பு. அந்த இனிப்பு முடிகிற இடத்தில் கருகலின் கசப்பு தொடங்குகிறது. விழுங்கிய பிறகு, சற்றுத் தாமதமாக, நெஞ்சில் வெப்பம். உடல்வாகு எண்ணெய் போல் கனமானது.

காப்பி இல்லாத காப்பி வாசம்

பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதைச் சுழலும் உருளையில், 200 பாகை செல்சியசுக்கு மேல், எரிந்துபோகாமல் கருக வறுக்கும் முறைக்கு 1817இல் டேனியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதுவரை கரும்பழுப்பாக இருந்த பீர், அதன் பிறகுதான் இன்று நாம் காணும் கறுப்பானது. வறுக்கும்போது தானியத்தின் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் பிறக்கின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலர் மய்யார் பெயரால் இது மய்யார் வினை எனப்படுகிறது. காப்பிக்கொட்டை வறுபடும்போதும், வேர்க்கடலை வறுபடும்போதும், முறுக்கு சிவக்கும்போதும் நடப்பது இதுவே. ஆகவே ஸ்டவுட்டில் தெரியும் காப்பி மணம் போலி அல்ல. காப்பிக்கு மணம் தரும் அதே வகைப் பொருள்கள் இங்கே பார்லியில் உண்டாகியிருக்கின்றன. காபீன் மட்டும் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். வாணலியில் வெளிறிய பதநீர் பாகாகும்போது நிறமும் மணமும் எப்படி மாறுகின்றன என்பதை அவர்கள் மூக்கே அறியும். அடிப்பிடித்த பாகில் வரும் லேசான கசப்புதான் ஸ்டவுட்டின் முதல் பாடம். கரும்பு ஆலைப் பக்கம் வீசும் கழிவுப்பாகு வாசமும் இந்த வரிசையில் சேரும். ஆங்கிலக் குறிப்புகளில் வரும் கரும்பாகு என்பது பெரும்பாலும் அதுதான்.

பேரீச்சை, உலர்திராட்சை மணங்களில் ஒரு பங்கு மால்ட்டுடையது, மறுபங்கு ஈஸ்டுடையது. சர்க்கரையைச் சாராயமாக மாற்றும்போது ஈஸ்ட் எஸ்டர்கள் என்ற பழ மணப்பொருள்களையும் உண்டாக்குகிறது. வெப்பம் கூடினால் எஸ்டர்களும் கூடும்.

பீப்பாய் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் போர்பன் என்ற பெயரில் விஸ்கி விற்க வேண்டுமானால், அதை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது 1930களிலிருந்து சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் மறுபடி போர்பன் செய்ய முடியாது. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் நல்ல பீப்பாய்கள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மிஞ்சின. அவற்றில் பெரும்பங்கு ஸ்காட்லாந்துக்குப் போய் அங்கே விஸ்கி முதிர உதவியது. பீர்க்காரர்கள் கண்ணில் பட்டது பிறகுதான். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையில் கிரெக் ஹால் 1990களில் ஜிம் பீம் நிறுவனத்தின் காலிப் பீப்பாய்களில் வலுவான ஸ்டவுட்டை ஊற்றி வைத்தது இந்த வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஸ்காட்லாந்தில் கதை தலைகீழாக நடந்தது. விஸ்கிக்கு பீரின் சுவை ஏற வேண்டும் என்று ஒரு விஸ்கி நிறுவனம் பீப்பாய்களில் பீரை ஊற்றிப் பழக்கியது. வேலை முடிந்ததும் அந்த பீரைக் கொட்டிவிடுவதே திட்டம். தொழிலாளர்கள் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். 2003இல் விற்பனைக்கு வந்த இன்னிஸ் அண்ட் கன் பீர் அப்படிப் பிறந்தது. அது ஸ்டவுட் அல்ல, வெளிர்நிற பீர்.

இந்தத் துறையில் ஆசிரியர் ஒருவருக்கு மிகவும் பிடிக்கக்கூடிய சரக்கு, ஸ்காட்லாந்தின் ஹார்வீஸ்டவுன் ஆலை 2007இல் கொண்டுவந்த ஓலா டூ. கேலிக் மொழியில் அதற்குக் கறுப்பு எண்ணெய் என்று பொருள். ஆலையைத் தொடங்கிய கென் புரூக்கர் முன்பு ஃபோர்டு கார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர்களுடைய வழக்கமான கறுப்பு பீரின் பெயரே பழைய எஞ்சின் எண்ணெய். அந்த வழியில் வந்த 8 விழுக்காடு பீரை ஆர்க்னி தீவின் ஹைலண்ட் பார்க் விஸ்கிப் பீப்பாய்களில் ஊற்றி, 12, 16, 18, 30, 40 என்று எண்ணிட்டு வெவ்வேறு வெளியீடுகளாகத் தந்தார்கள். பலர் இதை பீரின் வயது என்று நினைக்கிறார்கள். அது பீப்பாயில் முன்பு இருந்த விஸ்கியின் வயது. பீர் மரத்தில் இருப்பது சில மாதங்களே.

ஒரே பீர், ஒரே வலு, பீப்பாய் மட்டும் வேறு. அறிவியல் வகுப்பில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றதை நிலையாக வை என்று சொல்லிக் கொடுப்போமே, அதன் கண்ணாடிப் புட்டி வடிவம் இது. எண் பெரிதானால் மரத்தின் சுவையும் பெருகும் என்று எதிர்பார்ப்போம். அது சரியல்ல. முப்பது ஆண்டு விஸ்கியைத் தாங்கிய மரம் தன்னிடமிருந்ததில் பெரும்பகுதியை அந்த விஸ்கிக்கே கொடுத்துத் தீர்த்திருக்கும். அதில் மிஞ்சுவது பலகைக்குள் ஊறிக் கிடக்கும் பழைய விஸ்கி. உறவினர் வீட்டில் 12ஐயும் 18ஐயும் அடுத்தடுத்துச் சுவைத்தபோது நான் குறித்து வைத்தது இவ்வளவே: 12இல் கருகலும் புகையும் முன்னால் நிற்கின்றன, நாக்கில் சொரசொரப்பு. 18இல் அவை பின்வாங்கி, உலர்திராட்சையும் தேனும் கலந்த ஒரு மணம் முன்னே வருகிறது. கசப்பு குறையவில்லை, அதன் முனை மட்டும் மழுங்கியிருக்கிறது. புகை பீப்பாயிலிருந்து வந்தது. ஹைலண்ட் பார்க்கில் மால்ட் உலர்த்தும் சூளையில் ஆர்க்னியின் கரிமண்ணை எரிக்கிறார்கள்.

மரம் தரும் வாசம்

ஓக் பலகையின் லிக்னின் சூட்டில் சிதையும்போது வெனிலின் உண்டாகிறது. வெனிலா காயின் முதன்மை மணப்பொருளும் அதுவே. ஓக்கில் இயல்பாக இருக்கும் லாக்டோன் ஒன்று தேங்காய் மணம் தருகிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் அது மிகுதி. ஆகவே போர்பன் பீப்பாய் பீரில் புதுத்தேங்காயும் கொப்பரையும் கலந்த வாசம் வரும். கிராம்பில் உள்ள யூஜினால் ஓக்கிலும் சிறிது உண்டு. மரத்தின் இன்னொரு கூறான ஹெமிசெல்லுலோஸ் கருக்கும்போது பாகு மணமாகிறது. உட்புறக் கரி ஒரு வடிகட்டி போல வேண்டாத சில நெடிகளையும் பிடித்துக்கொள்கிறது.

மரம் மாறினால் இந்தப் பட்டியலும் மாறும். இலங்கையின் தென்னஞ்சாராயம் ஓக்கில் மட்டுமன்றி, சிங்களத்தில் ஹல்மில்ல என்று அழைக்கப்படும் மரத்தால் செய்த பெரிய தொட்டிகளிலும் முதிர வைக்கப்படுகிறது. ஆங்கில வணிகர்கள் அதைத் திருகோணமலை மரம் என்றார்கள். சென்னைக் கடற்கரையின் மசூலா படகுகளுக்கும் அது பயன்பட்டது. நம் ஊர் வழக்கில் இதற்கு இன்னும் நெருக்கமான உவமை இருக்கிறது. பனையில் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று. உள்ளே இருப்பது இன்னதென்று தீர்மானிப்பது கலம். கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் இளையவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் செய்தியாகிவிட்டது.

அறுசுவைக் கணக்கில்

பீரின் சுவைச் சொற்களை முறைப்படுத்தி மார்டென் மெய்ல்கார்ட் என்பவரும் அவரது குழுவினரும் 1970களில் ஒரு சுவைச் சக்கரம் வரைந்தார்கள். இன்றும் சுவைஞர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். தமிழில் இதற்குச் சொல் இல்லை, போதையைச் சொல்லத்தான் நம்மிடம் சொல் இருக்கிறது என்று சிலர் எழுதுவதை ஏற்க முடியவில்லை. மேலை நாட்டுப் பாடநூல்கள் நாக்கின் சுவைகளை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என ஐந்தாக எண்ணுகின்றன. நம்முடைய ஆறில் உமாமி இல்லை. ஆனால் துவர்ப்பும் கார்ப்பும் உண்டு. பீப்பாய் நாக்குக்குப் புதிதாகத் தருவது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான்.

ஓக்கின் டானின்கள் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறட்டுகின்றன. வாழைப்பூ, பாக்கு, கடுக்காய் தின்ற நாக்குக்கு இது பழக்கம். ஆங்கிலக் குறிப்பில் வறண்ட, மரம் போன்ற, இறுக்கமான என்று மூன்று சொற்களால் சுற்றி வளைப்பதைத் துவர்ப்பு என்ற ஒரு சொல் முடித்துவிடும். லயன் ஸ்டவுட்டில் கருகல் தரும் துவர்ப்பு சிறிதே. பீப்பாய் பீரில் அது கடைசிவரை நிற்கும்.

கார்ப்பின் கதை இன்னும் சுவையானது. மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைச் சாராயமும் தூண்டுகிறது. நெஞ்சில் எரிவதாகச் சொல்வது உவமை அல்ல. பலகையில் ஊறியிருந்த விஸ்கியும் பீரில் இறங்குவதால் சாராயச் சத்து மேலும் சற்று உயரும்.

ஆபத்தும் இங்கேதான். மால்ட்டின் இனிப்பும் வெனிலா மணமும் சேர்ந்து அந்தக் காரத்தை மறைத்துவிடுகின்றன. பீர்தானே என்று எடுப்பவர் கணக்குப் பார்க்க வேண்டும். 330 மில்லி லிட்டர் புட்டியில் 5 விழுக்காடு பீர் என்றால் தூய சாராயம் 13 கிராம். 8.8 விழுக்காட்டு லயன் ஸ்டவுட்டில் 23 கிராம். அமெரிக்கப் பீப்பாய் ஸ்டவுட்டுகளில் 14 விழுக்காடு சாதாரணம், அதில் 36 கிராம். நம் ஊரில் 42.8 விழுக்காட்டில் விற்கும் பிராந்தியில் 100 மில்லிக்கு மேல் குடித்தால்தான் இவ்வளவு உள்ளே போகும். சுவைஞர்கள் இத்தகைய புட்டியை மூன்று நான்கு பேராகப் பகிர்ந்துகொள்வது கஞ்சத்தனம் அல்ல. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. ஓக்கில் முதிர்ந்ததற்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

சுவைக்கும்போது கடுங்குளிர் ஆகாது. பனிக்கட்டிக் குளிரில் மணம் எழாது, கருகல் கசப்பு மட்டுமே மிஞ்சும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்து, 12 பாகை அளவில் சிறுகச் சிறுகச் சுவைப்பதே முறை. மூக்கால் முகர்வது ஒன்று. விழுங்கிய பின் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம் வேறொன்று. தேங்காயும் புகையும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில்தான் தெரியும்.

கெட்ட பீப்பாய்

மரத்தைக் கண்ணாடி போலக் கழுவ முடியாது. அதன் நுண்துளைகளில் கிருமிகள் தங்கும். பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்டை 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசென் அறிவித்தார். பழைய ஆங்கில பீர்களின் மணத்துக்குக் காரணமாக அதை அவர் கண்டதால் பெயரிலேயே பிரிட்டன் இருக்கிறது. பெல்ஜியத்தில் அதை விரும்பி வளர்க்கிறார்கள். ஸ்டவுட்டில் அது புகுந்தால் குதிரைலாயம். லாக்டோபாசிலஸ் புகுந்தால் தயிர்ப் புளிப்பு. கூஸ் ஐலண்ட் ஆலையின் 2015ஆம் ஆண்டு வெளியீட்டில் இந்தப் பாக்டீரியா வகை ஒன்று புகுந்து சில புட்டிகள் புளித்தன. நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த ஆண்டிலிருந்து பீரை நொடிச்சூட்டில் பதப்படுத்தத் தொடங்கியது.

காற்று இன்னொரு எதிரி. பலகை வழியே மிகச் சிறிது காற்று புகுவது நல்லது. உலர்திராட்சை மணம் அதனாலும் வருகிறது. மிகுந்தால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம், அதற்கு மேல் காடி. வெப்ப நாட்டில் எல்லாமே விரைவாக நடக்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் ஆவியாகும் விஸ்கி, பெங்களூரின் அம்ருத் ஆலையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிறது. அதனால் அங்கே நாலைந்து ஆண்டிலேயே விஸ்கி முதிர்ந்துவிடுகிறது. விஸ்கிக்கு அது வசதி. சாராயம் குறைந்த பீருக்கு அந்த வெப்பம் ஆகாது, பீப்பாயைக் குளிரறையில்தான் வைக்க வேண்டும்.

புட்டியில் அடைத்த பிறகும் இது மாறிக்கொண்டே இருக்கும். முதலில் கார்ப்பு அடங்கும், பிறகு தேங்காய் மணம் மங்கும். பல ஆண்டு கழித்துத் திறந்தால், இறந்த ஈஸ்ட் கரைந்து சோயா சாஸ் போன்ற ஒரு சுவை தலைகாட்டும். நம் அறுசுவையில் விடுபட்ட உமாமி அதுதான். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு அது குழம்பில் இருக்கட்டும் என்றே படுகிறது.